கத்திரி வெயிலிலும் ஜாடிக்குப் பூ வேண்டுமென்றால்

கேள்வி இதுதான்: திருச்சியில் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண் தரை இருக்கிறது. நர்சரியிலிருந்து ரோஜாவும் சாமந்தியும் வாங்கி வைத்தால் தை, மாசி வரை நன்றாக இருக்கின்றன, சித்திரை பிறந்ததும் சுருண்டுவிடுகின்றன. பங்குனி தொடங்கி ஆனி வரை தண்டோடு வெட்டி ஜாடியில் வைக்கவும் சாமி படத்துக்குப் போடவும் வீட்டுப் பூவே வேண்டும். நிழல்வலை கட்டினால் போதுமா, வேறு என்ன வைக்கலாம்?

நிழல்வலைக்குப் பணம் எடுத்து வைக்குமுன் செடியை மாற்றுங்கள். அதைவிட முக்கியம், விதைக்கும் மாதத்தை மாற்றுங்கள். கோடையில் பூக்கும் தோட்டத்தின் பாதி வேலை மாசிக்குள் முடிந்துவிட வேண்டும். மீதிப் பாதி, வெட்டும் கையில் இருக்கிறது.

முதலில் சாமந்தி ஏன் தோற்கிறது என்று பார்த்துவிடலாம். அது பகல் குறுகும் காலத்தில் மொட்டு வைக்கும் செடி, ஐப்பசி முதல் மாசி வரைதான் அதன் காலம். சித்திரையில் பகல் நீளம், அதோடு இரவும் சூடு. திருச்சியில் மே மாதம் பகல் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, இரவிலும் 26, 27 வரைதான் இறங்கும். பகல் சூட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் செடியை அதிகம் வாட்டுவது இரவுச் சூடு. பகலில் இலை சேர்த்து வைக்கும் சர்க்கரையை, சூடான இரவில் செடி தன் மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. தண்டுக்கும் பூவுக்கும் மிச்சம் குறைவு. அதனால்தான் உங்கள் ரோஜா உயிரோடு இருந்தாலும் பூ கோலிக்குண்டு அளவில் வருகிறது. கடையில் நீளத்தண்டோடு கிடைக்கும் ரோஜா, சுமார் மூவாயிரம் அடி உயரத்திலுள்ள ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளர்வது. அங்குள்ள இரவுகள் வேறு. நிழல்வலை பகல் வெயிலைத் தடுக்கும், இரவைக் குளிர்விக்காது. ஆகவே ரோஜாவை ஆனி வரை கவாத்து செய்து சும்மா காப்பாற்றி வையுங்கள், பூ எதிர்பார்க்காதீர்கள். சாமந்தியை ஆடிக்குத் தள்ளிப் போடுங்கள்.

இனி வெயிலுக்கு அஞ்சாத செடிகள். நம்பிக்கையோடு முதலிடம் தருவது வாடாமல்லிக்குத்தான். சோளமும் கரும்பும் ஒளிச்சேர்க்கை செய்யும் அதே முறையில் இயங்கும் செடி அது. கடும் வெயிலிலும் இலை வேலையை நிறுத்தாது, அதே அளவு வளர்ச்சிக்குத் தண்ணீரும் குறைவாகவே கேட்கும். கத்திரியில் மற்ற செடிகள் மதியம் துவளும்போது இது நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். குவளைத் தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கொத்தாகக் கட்டி, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் காய்ந்து, மாதக்கணக்கில் இருக்கும். நம் ஊரில் அதைத் தலைமட்டும் கிள்ளி மாலைக்குப் போட்டே பழகிவிட்டோம். முழங்கை நீளத் தண்டோடு இருபது பூவைச் சேர்த்து ஒரு பித்தளைச் சொம்பில் வைத்துப் பாருங்கள். விதை மேல் பஞ்சு போன்ற உறை இருப்பதால் முளைக்கச் சோம்பல் படும். இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் பத்து, பதினான்கு நாளில் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது கோழிக்கொண்டை. வயல் வரப்பில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையின் உடன்பிறப்பு என்பதால் நம் மண்ணும் வெயிலும் அதற்குப் புதிதில்லை. இதில் இரண்டு வடிவம் உண்டு. மடிப்பு மடிப்பாக வெல்வெட் போலிருக்கும் கொண்டை ஒன்று, சாமரம் போல நீண்டிருக்கும் கதிர் மற்றொன்று. கொண்டை வகையை நுனி கிள்ளக் கூடாது. ஒரே தண்டு, ஒரே பெரிய தலை என்பதுதான் அதன் அழகு. நெருக்கி நட்டால் தலை கைக்கு அடக்கமாக, தண்டு நேராக வரும். சாமர வகையை ஒரு சாண் உயரத்தில் கிள்ளிவிட்டால் ஏழெட்டுக் கிளை தரும். நாற்றுப் பருவத்தில் வேர் சுருண்டோ தண்ணீர் இல்லாமலோ தவித்தால், அரையடி உயரத்திலேயே அவசரமாகப் பூத்துவிடும், அதற்குப் பிறகு என்ன உரம் போட்டாலும் வளராது. நாற்று விடும் குழித்தட்டில் நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

மூன்றாவது ஜினியா. மெக்சிகோவின் வறண்ட புல்வெளிச் செடி. விதைத்து மூன்று நாள், ஐந்து நாளில் முளைக்கும், ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் பூ. ஜாடியில் ஒரு வாரம் இருக்கும். நிறத்துக்கு இதை மிஞ்சியது இல்லை. ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் நர்சரிகளில் கறுப்புக் கவரில் விற்கும் ஜினியா, செண்டுமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் பெரும்பாலும் தொட்டிக்கும் பாத்தி ஓரத்துக்குமான குட்டை ரகங்கள். முக்கால் அடிக்கு மேல் தண்டு கிடைக்காது. நீங்கள் எத்தனை அக்கறையாக வளர்த்தாலும் அவற்றை ஜாடியில் நிறுத்த முடியாது. விதையாக வாங்குங்கள், உறையில் உயரத்தைப் பாருங்கள். இரண்டரை அடிக்குக் குறைந்தால் வேண்டாம். ஜினியாவில் பெனரீஸ் ஜயன்ட், ஓக்லஹோமா போன்றவை உயர ரகங்கள். புரொஃபியூஷன், தம்பெலினா குட்டை. வாடாமல்லியில் பட்டி, நோம் என்று இருந்தால் குட்டை.

சூரியகாந்தியை மறந்துவிடாதீர்கள். எண்ணெய் வித்துக்கான ரகம் வேண்டாம். மகரந்தம் உதிர்ந்து மேசைத் துணியெல்லாம் மஞ்சளாகும், தலையும் தட்டு அளவு பெரிது. வெட்டுப்பூவுக்கென்றே மகரந்தம் இல்லாத ரகங்கள் இருக்கின்றன, புரோகட் வரிசை அதில் தெரிந்த பெயர். ஒரு விதைக்கு ஒரு தண்டு, ஒரு பூ, 50 முதல் 60 நாள், அவ்வளவுதான். எனவே பத்து நாளுக்கு ஒருமுறை பத்து, பதினைந்து விதை ஊன்றிக்கொண்டே வந்தால் தொடர்ச்சியாகக் கிடைக்கும். அரையடி இடைவெளியில் நெருக்கி ஊன்றினால் பூ உள்ளங்கை அளவில் நிற்கும், வீட்டு ஜாடிக்கு அதுதான் அளவு.

செண்டுமல்லியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. வெயில் தாங்கும் பூ என்று எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். செடி தாங்கும், உண்மை. ஆனால் கத்திரியில் பூ சிறுத்துவிடும், காய்ந்த காற்றில் செம்பேன் வந்து இலை வெளிறும். பங்குனி வரை அருமை, சித்திரையில் சுமார், மீண்டும் ஆடியில் விதைத்தால் ஆயுத பூஜைக்குப் பிரமாதம். பூசா நாரங்கி, பூசா பசந்தி ஆகியவை டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள், உயரமாக வரும். நட்டு ஒரு மாதத்தில் நுனி கிள்ள வேண்டும். இதன் வாசனை பூஜை அறையில் பொருந்தும், சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் பிடிக்காது. இன்னொரு பயனும் உண்டு. செடிகளின் வேரைத் தாக்கும் நுண்புழுக்களான நூற்புழுக்களை இதன் வேர் மண்ணில் குறைக்கும். நெருக்கமாக இரண்டு, மூன்று மாதம் வளர்த்தால்தான் அந்தப் பலன். ஓரத்தில் நாலு செடி வைத்துவிட்டு எதிர்பார்க்க வேண்டாம்.

நூற்புழுவைச் சொல்லக் காரணம், அது தாக்கும் சம்பங்கி. உங்கள் ஊருக்கு, மணத்துக்கென்று ஒரு பூ வேண்டுமென்றால் இதை விட்டுவிட்டு வேறு தேடாதீர்கள். ஆனால் இந்தக் கோடைக்கு ஆகாது, அடுத்த கோடைக்கு. ஆனி, ஆடியில் 25, 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பார்த்து, ஓரங்குல ஆழத்தில், வரிசைக்கு ஒன்றரை அடியும் கிழங்குக்கு முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாகவும் விட்டு ஊன்றுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் முதல் கதிர் வர. அதன் பிறகு மூன்று ஆண்டு தோண்ட வேண்டியதில்லை. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ஒற்றை அடுக்கு ரகம். மொட்டில் இளஞ்சிவப்பு ஓடும், கதிர் விறைப்பாக நிற்கும், தொடுக்கவும் ஆகும் ஜாடிக்கும் ஆகும். சுவாசினி இரட்டை அடுக்கு, வைபவ் பாதி இரட்டை அடுக்கு. செண்டுமல்லி வைத்த பாத்தியிலேயே அடுத்து சம்பங்கி போடுவது நல்ல வரிசை.

இவை போக, மஞ்சள், ஆரஞ்சு காஸ்மோஸ் ஒரு பிடி விதையைத் தூவிவிடுங்கள். இளஞ்சிவப்பு காஸ்மோஸ் வேறு இனம், அது பனிக்காலத்துக்கானது. ஜாடியில் நாலு நாள்தான் என்றாலும் வெட்ட வெட்ட வரும். கெய்லார்டியாவும் மோசமான மண்ணில் பிழைக்கும், தண்டு மட்டும் சற்று வளையும். பச்சைக்கு திருநீற்றுப்பச்சிலையும் கருந்துளசியும் கதிர்விட்ட பிறகு வெட்டி வையுங்கள், அறையே மணக்கும். மூலையில் ஒரு வரிசை கம்பு விதைத்தால் கதிர் பால் பிடிக்கும் முன் வெட்டி வாடாமல்லியோடு சேர்க்கலாம். குருவிகள் தின்றது போக மீதி உங்களுக்கு. அரளி கோடையில் கொட்டிக் கொட்டிப் பூக்கும், ஆனால் தண்டு, இலை, அது நின்ற தண்ணீர் எல்லாமே நஞ்சு. சின்னக் குழந்தை, பூனை, நாய் உள்ள வீட்டில் ஜாடிக்குக் கொண்டுவராதீர்கள்.

மாதக் கணக்குக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த கையோடு வாடாமல்லி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி விதைகளைக் குழித்தட்டில் போடுங்கள். மாசி நடுவில் நாற்று மண்ணுக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறுமுன் வேர் அரையடி, ஒரு அடி கீழே இறங்கிவிட்டால் மேலே என்ன காய்ந்தாலும் செடி சமாளிக்கும். சித்திரையில் நட்ட அதே செடி, அதே கவனிப்பில், பத்து நாளில் போய்விடும். ஜினியா, சூரியகாந்தி, காஸ்மோஸ் மூன்றையும் மாசிக் கடைசியில் நேராகப் பாத்தியிலேயே விதைக்கலாம், சூடான மண்தான் அவற்றுக்குப் பிடிக்கும். பங்குனி நடுவில் ஜினியா இன்னொரு தவணை. சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை, அதாவது அக்னி நட்சத்திர நாட்களில், எதையும் விதைக்கவும் வேண்டாம், நடவும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

பாத்தி அமைப்பில் ஒரு யோசனை. மேற்குப் பக்கம் சுற்றுச்சுவர் இருந்தால் அதை ஒட்டி நடாதீர்கள். மதிய வெயிலில் சுட்ட சுவர் இரவு பத்து மணி வரை அனலடிக்கும். ஒன்றரை அடி விட்டு, முதல் வரிசையாகச் சூரியகாந்தியையும் கம்பையும் நிறுத்துங்கள். மூன்று மணிக்கு மேல் அவற்றின் நிழல் கிழக்கே உள்ள ஜினியா மேல் விழும், காசில்லாத நிழல்வலை அது. உண்மையான வலை வேண்டுமென்றால் 35 சதவீதம் போதும், அதுவும் நாற்றுக்கும் புதிதாக நட்டதற்கும் மட்டும். 75 சதவீத வலைக்குள் வளர்ந்த ஜினியா நெட்டையாக, தலை தொங்கி, சாம்பல் பூத்து நிற்கும்.

மண்ணுக்குத் தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் போதும். கடலைப் புண்ணாக்கைக் கரைத்து வாராவாரம் ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், தழைச்சத்து ஏறினால் இலை செழிக்கும், தண்டு சதைப்பிடித்து வெட்டிய அன்றே தொங்கும். மூடாக்குத்தான் கோடையின் உயிர். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை, எது கிடைத்தாலும் நாலு விரல் கனம் போடுங்கள், தண்டை மட்டும் ஒட்டாமல்.

தண்ணீரைப் பொறுத்தவரை, உச்சக் கோடையில் ஒரு சதுர அடி பாத்திக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என்று வையுங்கள். உங்கள் இடத்துக்கு மொத்தம் 60 லிட்டர், வழித்தடத்தைக் கழித்தால் இன்னும் குறைவு. அதைத் தினம் தெளிப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நாள் அளவைச் சேர்த்து, விடிகாலையில், வேரடியில் ஊற்றுவது நல்லது. தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றும், ஒருநாள் தவறினால் செடி போச்சு. மதியம் இரண்டு மணிக்கு இலை துவள்வதைப் பார்த்துப் பதறி வாளியோடு ஓடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் விடியலிலும் துவண்டிருந்தால்தான் தாகம். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. போர்வெல் தண்ணீர் உப்பு என்றால் அது இன்னும் கூடுதல் உப்பு, மழையில்லாத நாலு மாதத்தில் மண் மேல் வெள்ளை பூத்துவிடும்.

செம்பேனுக்கு மருந்தைத் தேடும் முன், காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து. பாதிக்கு மேல் போய்விடும். வேப்பெண்ணெய்க் கரைசல் என்றால் மாலையில் மட்டும். நனையும் கந்தகம் ஜினியாவின் சாம்பல் நோய்க்கும் செம்பேனுக்கும் நல்ல மருந்துதான், ஆனால் வெயில் 32, 33 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இலையைப் பொசுக்கிவிடும். கோடையில் அதை அலமாரியிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது வெட்டுவது. நம்மில் பலருக்கு மனசு வராத இடம் இதுதான். பூவை மட்டும் கிள்ளுவதே பழக்கம். தண்டோடு, அதுவும் பக்கத்தில் இரண்டு மொட்டு இருக்கும்போது, ஒரு அடி கீழே கத்தரி வைக்கக் கை கூசும். ஜினியா முழங்கால் உயரம் வருமுன், மூன்று நான்கு ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு பூக்கும் ஒவ்வொரு தண்டையும், கீழே ஒன்றிரண்டு கணு மட்டும் விட்டு வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து வருவது நீளத்தண்டு. மேலாகக் கிள்ளினால் அடுத்தது அரைச்சாண், அதற்கடுத்தது விரல் நீளம், பிறகு தொடுக்கத்தான் ஆகும். வெட்டாமல் விட்ட பூ விதை பிடிக்கத் தொடங்கினால் செடி ஓய்வுக்குப் போகும். ஆகவே வீட்டுக்குத் தேவையில்லாத நாளிலும் வெட்டுங்கள், பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். இப்படி வெட்டியும் ஜினியா ஆறு, எட்டு வாரத்தில் களைத்துவிடும். பிடுங்கிவிட்டு, பங்குனியில் விதைத்த தவணைக்கு மாறுங்கள்.

எப்போது வெட்டுவது என்பது பூவுக்குப் பூ வேறு. ஜினியா வெட்டிய பிறகு மேலும் மலராது. முழுதாக விரிந்திருக்க வேண்டும், பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினால் விறைப்பாக அசைய வேண்டும், தலை தொய்ந்து ஆடினால் இரண்டு நாள் பொறுங்கள். சூரியகாந்தி அதற்கு நேர் எதிர். இதழ் மேலெழும்பத் தொடங்கியதுமே வெட்டினால் வீட்டுக்குள் விரியும். சம்பங்கியில் அடியிலுள்ள ஒன்றிரண்டு ஜோடிப் பூ மலர்ந்ததும். கோழிக்கொண்டையை அடியில் கறுப்பு விதை தெரியுமுன். வாடாமல்லியை நன்றாக உருண்ட பிறகு, அவசரப்பட்டால் கழுத்து தொங்கும்.

நேரம், விடியற்காலை ஐந்தரை, ஆறு. இரவெல்லாம் தண்ணீர் ஏறித் தண்டு நிறைந்திருக்கும் நேரம் அது. ஒரு வாளியில் தண்ணீரைச் செடியருகே கொண்டுபோய், வெட்டியதும் அதிலேயே போடுங்கள். தண்ணீருக்குள் போகும் இலைகளை ஒன்று விடாமல் உருவிவிடுங்கள், முக்கியமாகச் செண்டுமல்லியில், ஒரே நாளில் நாறும். இரண்டு மணி நேரம் வாளியோடு இருட்டான அறையில் வைத்துவிட்டுப் பிறகு ஜாடிக்கு மாற்றலாம். ஜாடியில் பூ சீக்கிரம் சாவது பெரும்பாலும் தாகத்தால்தான். தண்ணீரில் பெருகும் பாக்டீரியா தண்டின் குழாய்களை அடைத்துவிடும். அதனால் சர்க்கரை, ஆஸ்பிரின், சோடா என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை குறைவு, நம் வீட்டுச் சூட்டில் சர்க்கரை பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. ஜாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது, தினமும் தண்ணீர் மாற்றுவது, மாற்றும்போது அடித்தண்டை அரை அங்குலம் சாய்வாக வெட்டுவது, இந்த மூன்றே போதும். வேண்டுமானால் லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு ப்ளீச் விடலாம். அதோடு எலுமிச்சைச் சாற்றைக் கலக்காதீர்கள்.

கடையில் பூவைக் குளிரூட்டியில் வைப்பதைப் பார்த்து ஜினியாவையும் திருநீற்றுப்பச்சிலையையும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெயிலில் பிறந்த செடிகள், குளிரில் கறுத்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். கடையில் வாங்கிய கார்னேஷனையும் சேர்த்து வைப்பதாக இருந்தால் மாம்பழத் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். பழுக்கும் பழம் விடும் வாயு கார்னேஷனைச் சுருட்டிவிடும். ஜினியாவும் செண்டுமல்லியும் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

ஆனிக் கடைசியில் ஒரு வேலை பாக்கி. அம்மி பறக்கும் ஆடிக்காற்று திருச்சிக்குத் தெரியாததா? அதற்குள் நாலு மூலையில் குச்சி ஊன்றி, முழங்கால் உயரத்தில் சணலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டால் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் சாயாமல் தப்பும். ஒவ்வொன்றிலும் நல்ல தண்டும் நிறமும் உள்ள இரண்டு செடியை வெட்டாமல் விதைக்கு விடுங்கள். நாட்டு விதையில் வந்த வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா மறு ஆண்டும் ஏறக்குறைய அப்படியே வரும். ஹைப்ரிட் என்று உறையில் போட்டிருந்தால் அதை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.